காணவில்லை போஸ்டரில் இருக்கிறவருக்கு

வடசேரி பஸ் ஸ்டாண்டுத் தூண்களில் எப்போதும் ஏதாவது ஒரு ‘காணவில்லை’ போஸ்டர் ஒட்டியிருக்கும். வயது, உயரம், கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறம், தகவல் தருபவர்களுக்குத் தக்க சன்மானம், கீழே இரண்டு செல்போன் எண். எல்லாமே தேடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் எழுதியது. போட்டோவில் இருக்கிற ஆளிடம் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் ஒரே வரிதான்: எங்கிருந்தாலும் உடனே வீட்டுக்கு வரவும், யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். அப்படி ஒரு போஸ்டரில் என் போட்டோவும் இருந்தது. அதனால் இதை அந்த ஆளுக்காக எழுதுகிறேன். தேடுகிறவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

குமரி மாவட்டத்தில் ஆள் காணவில்லை என்றால் முதலில் கடல்தான் ஞாபகம் வரும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கமிருந்து தொழிலுக்குப் போன பலர் கரை திரும்பவே இல்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் அந்தக் கரையில் உண்டு. அதைப் பார்த்த ஊருக்கு, சொந்தக் காலில் நடந்து பஸ் ஏறிப் போனவன் மேல் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போனவனுக்கும் வழி தெரிய வேண்டும், இல்லையென்றால் அவன் இன்னும் தூரமாகத்தான் போவான்.

போனவன் மனதில் இரண்டு வழிதான் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று, தலை குனிந்து வீட்டுக்குத் திரும்புவது. இல்லையென்றால் செத்தவன் மாதிரி இருந்துவிடுவது. உண்மையில் இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறேன், நலமாக இருக்கிறேன் என்று மட்டும் தெரிவித்துவிட்டு, எங்கே இருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் இருக்கலாம். 18 வயது நிரம்பியவருக்குச் சட்டமும் அதைத் தடுப்பதில்லை. வீட்டை விட்டுப் போவது குற்றமே இல்லை. இது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை ஒன்றும் புதிதில்லை. கருங்கல் பக்கம் வீடு, மார்த்தாண்டத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை. நண்பன் எடுத்த சீட்டுக்கு நான் ஜாமீன். அவன் கட்டாமல் நின்றதும், அதை அடைக்க வட்டிக்கு வாங்கினேன். அந்த வட்டியை அடைக்க இன்னொரு வட்டி. எழுதாத செக் சில கையெழுத்துப் போட்டு அவர்களிடம் கொடுத்திருந்தேன். வசூலுக்கு வருகிறவர்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் நாகர்கோவிலில் மை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, குழித்துறையில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினேன். இரவு திருப்பூரில் இறங்கினேன். ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் ஆள் வேண்டும் என்றார்கள். வாரச் சம்பளம், ஒன்றரை ஷிப்ட், மாடியில் தகரக் கூரை போட்ட அறை. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் பீகார்க்காரர்கள். யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்காத ஊர் அது. அப்போது அது பெரிய நிம்மதி.

ஊரில் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அன்று இரவே என் அண்ணன் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டான். ஒரு நாள் கழியட்டும் என்றார்களாம். அப்படி 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்க்காமல் வாங்க வேண்டும். அண்ணன் விடாமல் நின்றதால் ‘ஆள் காணவில்லை’ என்று எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘கடன் தொல்லை: வியாபாரி மாயம்’. வாட்ஸ்அப்பில் என் போட்டோவோடு அண்ணனின் எண்ணும் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவன் கூப்பிட்டு, உங்கள் தம்பி எங்களிடம் இருக்கிறான், முதலில் 20,000 போடுங்கள் என்றிருக்கிறான். தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: போஸ்டரில் வீட்டு எண்ணைப் போடாதீர்கள், ஸ்டேஷன் எண் போதும். பணம் கேட்டு வருகிற போன் எதுவானாலும் போலீஸிடம் போகட்டும்.

நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று வீட்டுக்குத் தெரிந்தது போலீஸால் இல்லை, ஏ.டி.எம்-மால். கடை சிம்மை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். கையில் இருந்த காசு தீர்ந்ததும் கார்டு போட்டு எடுத்தேன். வங்கி அனுப்பிய எஸ்.எம்.எஸ். வீட்டில் கிடந்த அந்தப் போனுக்குப் போயிற்று, திருப்பூர் என்ற பெயரோடு. என் விஷயத்தில் அதனால் கெடுதல் வரவில்லை. ஆனால் அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணுக்கு இதே எஸ்.எம்.எஸ். உயிர் விஷயம். அப்படிப்பட்டவர்களுக்காகச் சொல்கிறேன்: வங்கிக் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். போனில் இருக்கிற கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா, மேப்ஸில் இருப்பிடத்தைப் பகிர்வது ஆன் ஆகியிருக்கிறதா, வாட்ஸ்அப் வேறு கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கூட்டுக் கணக்காக இருந்தால் நீங்கள் ஜிபேயில் ஒரு சாயாவுக்குக் கொடுத்த 12 ரூபாய்கூட, கடை பெயரோடு ஸ்டேட்மென்ட்டில் வரும். கடிதம் எழுதுவதானாலும் கவரில் தபால் முத்திரை விழும்.

கம்பெனியில் நாகர்கோவில்காரன் ஒருவன், செக்கிங்கில் இருந்தவன், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனை என் பக்கம் நீட்டினான். “அண்ணே, இது உங்கள மாதிரி இருக்கு.” கோயில் குரூப்பில் வந்த போட்டோ. என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது, பக்கத்தில் மனைவியின் தோள் மட்டும் தெரிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சாயங்காலம் போகிற வழியில், “நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ஒருத்தர்ட்ட சொல்லணும்” என்றான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மனசு மோசமான பக்கம் போய்க்கொண்டிருந்தது, அதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 14416 என்ற எண் இருந்தது. டெலி மானஸ், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. பெயர் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்; விருப்பம் இருந்தால் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண். நான் எதிர்பார்த்தது புத்திமதி. மனைவி பிள்ளைகளை நினைத்துப் பார்த்தீர்களா என்கிற வகை. அவர் அதைத் தொடவே இல்லை. முதலில் கேட்டது, இன்று இரவு நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதுதான். கொஞ்சம் பேசிய பிறகு கேட்டார்: “வீட்டில் எல்லாரிடமும் பேச வேண்டாம். யார் ஒருவரிடம் பேசினால் உங்களுக்குப் பாரம் கூடாது?” இந்தக் கேள்விதான் எனக்குக் கதவைத் திறந்தது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பும் இதே மாதிரிதான், 044-24640050. யாரென்று தோண்டாமல் கேட்பார்கள். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: எந்த ஆலோசகரும் ரகசியத்துக்கு ஒரு எல்லை வைத்திருப்பார். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் அவர் மற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமை தருகிறது. அதிலும் இந்த மாதிரி விதிவிலக்குகள் உண்டு. பேச ஆரம்பிக்கும்போதே, எதை வெளியே சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் அந்த ஒருவர் என்று யோசித்ததில் மனைவி இல்லை, அம்மா இல்லை. மைனி. அண்ணன் பெண்டாட்டி. அழுது ஊரைக் கூட்ட மாட்டாள், அண்ணனைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவள். அந்தச் செக்கிங் பையனின் போனிலிருந்து கூப்பிட்டேன், அவன் சம்மதத்தோடு. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்தவர் போனில் பேசினால் தேடுகிறவர்கள் முதலில் அவர் வாசலில்தான் போய் நிற்பார்கள். அதற்கு அவர் தயாரா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

“மைனி, நான்தான்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எங்க நிக்குதியன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கேன். கிணத்துப் பக்கம் நீங்க வச்ச மரம் என்ன மரம்?” என்றாள்.

“அயனி. கிணத்துப் பக்கம் இல்ல, தொழுவத்துப் பக்கம்.”

“சரி. நீங்கதான்.”

பணம் கேட்டு வந்த அந்தப் போனுக்குப் பிறகு அவள் யாரையும் நம்பத் தயாராக இல்லை. அவள் கேட்டதும் சரிதான். உயிரோடு இருக்கிறேன் என்று தகவல் சொல்லும்போது, சொல்கிறவர் நீங்கள்தான் என்பதற்கு வீட்டுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்தது, யாரும் மிரட்டி இப்படிப் பேச வைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் எல்லாரும் விட்டுவிடுவது: அடுத்து எப்போது பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை பேசிவிட வேண்டும். ஒரு வாரம் தவறினால் அவர்கள் பழைய நிலைமைக்கே போய்விடுவார்கள், போலீஸும் மறுபடி சூடாகும். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஓணத்துக்கு வந்துவிடுவேன் என்று சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொல்லிவிட்டு வராமல் போனால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். எதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். நான் கடனைப் பற்றிப் போனில் பேச மாட்டேன் என்றேன். மைனி அதைக் கடைசிவரை காப்பாற்றினாள்.

என் சித்தப்பா மகள் இங்கிலாந்தில் நர்ஸ். இந்தக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, அங்கே இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது என்றாள். மிஸ்ஸிங் பீப்பிள் என்று பெயர், 116 000 என்ற எண்ணில் இலவசமாகக் கூப்பிடலாம். காணாமல் போனவரே கூப்பிட்டு, நான் நலம் என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லுங்கள் என்றால், இடத்தைச் சொல்லாமல் தகவலைக் கொண்டுசேர்ப்பார்கள். பெரியவர் ஒருவரைப் போலீஸ் கண்டுபிடித்தாலும், அவர் சம்மதிக்காமல் முகவரியை வீட்டாருக்குக் கொடுப்பதில்லையாம். இங்கே அந்த வேலையைத் துண்டு துண்டாக நாமேதான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: கொஞ்சம் உதவி எண், கொஞ்சம் போலீஸ், கொஞ்சம் இலவச வக்கீல், ஒரு மைனி.

போலீஸ் பகுதிக்கு வருகிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று என்றால், வீட்டுக்குப் போன் பண்ணியதால் மட்டும் அது முடிந்துவிடாது. உங்கள் பெயரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காணாமல் போனவர்கள் பகுதியில் தேடிப் பார்க்கலாம். இருந்தால் அதை முடித்துவிடுவது நல்லது. இருக்கிற ஊரில் பக்கத்து ஸ்டேஷனுக்கே போகலாம். நான் கம்பெனி சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு போனேன். திருப்பூரில் அந்த எஸ்.ஐ. நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார், எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அங்கிருந்து வந்த பதில், ஆளை நேரில் கொண்டுவாருங்கள். போனில் பேசிய ஏட்டு என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பெண்டாட்டியை விட்டு ஓடினவன் என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை.

பயந்துபோய் 15100-க்குக் கூப்பிட்டேன். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் அது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொன்னார்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாருக்கும் வக்கீல் இலவசம். எனக்கு வருமானக் கணக்கில் கிடைத்தது. அந்த வக்கீலம்மா பத்து நிமிஷத்தில் என் பயம் பாதியைக் கழற்றிவிட்டார். “உங்கமேல கேஸ் எதுவும் இல்ல. நீங்க குற்றவாளி இல்ல, தேடப்படுற ஆள். வந்து வாக்குமூலம் குடுத்துட்டு, எங்க போகணுமோ அங்க போகலாம்.”

அப்படியே நடந்தது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன்: சொந்த விருப்பத்தில் போனேன், யாரும் கடத்தவில்லை, இப்போது இருக்கும் முகவரியை வீட்டாருக்குத் தர வேண்டாம். இந்தக் கடைசி வரியை வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும் என்று சொன்னவரும் வக்கீலம்மாதான். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அவர் இரண்டே கேள்வி கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, இப்போது எங்கே போக விரும்புகிறீர்கள். திருப்பூருக்கு என்றேன். வராந்தாவில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். முன்பு அவர் மதுரையில் ஆட்கொணர்வு மனு போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அந்த மனு போட்டாலும், சட்டவிரோதமாக யாராவது ஆளை அடைத்து வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். பெரியவர் ஒருவர் வந்து நானாகத்தான் போனேன் என்று சொல்லிவிட்டால் அங்கே முடிந்தது. 2018-ல் ஹாதியா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: வயது வந்தவர் எங்கே, யாரோடு வாழ வேண்டும் என்பதைத் தகப்பனும் கோர்ட்டும் தீர்மானிக்க முடியாது.

காதலித்து வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். திருநர், ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள் விஷயத்தில் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் தனியாகவே உத்தரவு போட்டது: காணவில்லை என்று வருகிற புகாரில், சம்பந்தப்பட்டவர்கள் அப்படிப்பட்ட, வயது வந்த, சம்மதத்தோடு இருக்கிறவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகும்போது அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்திருங்கள். தெரியாத போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள்.

சொந்த முகவரியைத் தராமல் இருந்தாலும் தபாலை மட்டும் விட்டுவிடக் கூடாது. எனக்கு இதில்தான் கண்டம் இருந்தது. நான் கொடுத்த செக்கில் ஒன்றை வட்டிக்காரர் வங்கியில் போட்டு அது திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் கருங்கல் வீட்டுக்கு வந்தது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் செக் மோசடி வழக்குப் போடலாம், அதில் இரண்டு வருஷம்வரை சிறை உண்டு. கடன் வாங்கியது குற்றமில்லை, ஆனால் இந்த வழக்கில் சம்மனுக்கு ஆஜராகாமல் இருந்தால் வாரண்ட் வரும். அப்போது நீங்கள் காணாமல் போனவர் இல்லை, தலைமறைவானவர். நல்லவேளை, மைனி எல்லாப் பதிவுத் தபாலையும் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா பதில் கொடுத்தார். அதோடு 2003-ம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டத்தையும் எடுத்துக் காட்டினார். வீடு தேடி வந்து மிரட்டியதற்கு என் மனைவியிடம் சாட்சி இருந்தது. வட்டிக்காரர் சமரசமாகப் பேசி முடிக்கிற லோக் அதாலத்துக்கு இறங்கி வந்தார், அசலைத் தவணையில் கட்ட ஒத்துக்கொண்டார். இப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறேன். வசூல் மிரட்டலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது, என் பிரச்சினை அப்போது முடிந்திருந்தது.

பல மாதம் திருப்பூரில் இருந்தபடியே பேசிப் பேசித்தான் வீட்டுக்குத் திரும்பினேன். முதலில் மனைவி குழந்தைகளோடு ஈரோட்டில் ஒரு நாள் சந்திப்பு. அப்புறம் ஊருக்குப் போய் ஒரு இரவு தங்கல். அம்மாவுக்கு மட்டும் கோபம் தணியவில்லை, புளிமுளம் மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தாள், பேசவில்லை. திரும்பி வருகிறவரை வாசலில் நிறுத்திக் காரணம் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் ரொம்பவே உண்டு. மைனி அன்று உறவுக்காரர்கள் யாருக்கும் தகவலே சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

இப்போது கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். தண்டவாளம் முடிகிற ஊர் என்பதால் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் பலர் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். எங்கோ அசாமிலிருந்து, காஷ்மீர் பக்கத்திலிருந்து ரயில் வருகிறது. கடைசி ஸ்டேஷன்வரை உட்கார்ந்தே வந்துவிடுகிறார்கள். பையில்லாமல் வருவார்கள், அல்லது பள்ளிக்கூடப் பையோடு. தனியாக வருகிறவர்களுக்கு ரூம் தருவதில்லை என்பது பல லாட்ஜ்களில் எழுதாத சட்டம், ஏதாவது ஆகிவிட்டால் யார் போலீஸுக்கு அலைவது என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்படி ஒருவரை வெளியே அனுப்பினால் அவர் கடற்கரைக்குத்தான் போவார். முதலாளியிடம் சண்டை போட்டுத்தான் இந்த விஷயத்தில் கொஞ்சம் இடம் வாங்கியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள், உதட்டில் தையல். மதுரைப் பக்கத்துப் பேச்சு. ஆதாரைக் கேட்டதும் கை நடுங்கியது, அவள் வீட்டுக்காரர் போலீஸில் தெரிந்தவராம், ஆதாரைப் பதிந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்றாள். உட்கார வைத்து, சாயா வாங்கிக் கொடுத்து, 181-க்குப் போன் போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். நான் பேசவில்லை. அவள்தான் பேச வேண்டும். பெண்கள் உதவி எண் அது, இரவும் பகலும் உண்டு. மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அங்கே சில நாள் தங்கலாம், மருத்துவம், வக்கீல், போலீஸ் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். குழந்தையையும் கூட வைத்துக்கொள்ளலாம். அவளுக்குத் தெரியாத ஒன்றை அங்கே சொல்லியிருக்கிறார்கள்: 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரிலேயே மனுப் போடலாம். அடித்தவன் ஊர்க் கோர்ட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயம் வேறு. 18 வயதுக்குக் கீழே என்றால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுப்பதே இல்லை. சொல்லிவிட்டு மீறினால் அவன் அடுத்த முறை யாரையும் நம்ப மாட்டான். “தம்பி, இத நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா உன் வீட்டுக்கு இல்ல, 1098-க்கு” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். குழந்தைகள் உதவி எண் அது. அவர்கள் 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்கு அனுப்புவது சரியா என்று குழு விசாரிக்கும். அப்பா வந்து கேட்டார் என்பதற்காக அப்படியே ஒப்படைத்துவிட முடியாது. வீட்டில் அடி, அதைவிட மோசமானது ஏதாவது நடந்திருந்தால் பிள்ளை அதை அங்கே சொல்ல வேண்டும். சொல்ல இடம் இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

வயதானவர்களும் வருகிறார்கள். மகன் வீட்டில் தட்டு விழுகிற சத்தம் தாங்காமல் கிளம்பி வந்த பெரியவர் ஒருவர், ஓய்வூதியப் புத்தகத்தை மட்டும் பனியனுக்குள் செருகியிருந்தார். அவர்களுக்கு 14567, முதியோர் உதவி எண். 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டம். வக்கீல் இல்லாமல் அவரே போகலாம். இந்தப் பெரியவர் மனுக் கொடுக்க மறுத்துவிட்டார். மகன் பெயர் கெட்டுவிடுமாம். ஆனால் தங்கை வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆண்களுக்கு, அதுவும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கிற ஆண்களுக்கு, இப்படித் தனியாக ஒரு எண்ணோ தங்கும் இடமோ இல்லை என்பது என் அனுபவத்தில் பெரிய ஓட்டை. 14416-ம் 15100-ம் இருக்கின்றன, அவ்வளவுதான். இரவு தங்க இடமில்லாமல் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஆதாரையும் போனையும் யாரிடமும் கொடுத்து வைக்காதே என்பது. கூலி வேலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிற தரகர்கள் முதலில் வாங்கி வைப்பது அந்த இரண்டையும்தான். இரண்டாவது, வாங்குகிற முதல் சம்பளத்தில் ஒரு புது சிம் போடு, அந்த எண்ணை ஒரே ஒருவருக்குக் கொடு. யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் உடனே வராது. ஒரு மணி நேரம் கழித்து மாடியிலிருந்து இறங்கி வந்து, “அண்ணே, அக்காவுக்குக் குடுக்கலாமா?” என்று கேட்பார்கள்.